இறைச்சிங்களா, காய்கறிங்களா?

டேசிக் படித்த ஜெர்மன் இலக்கியத் துறையில் அந்த வருஷம் மொத்தம் நாலே பேர். இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது ஆள் வகுப்புக்குத் தவறாமல் வருவான், பரீட்சைக்கு மட்டும் வர மாட்டான். நாலாவது ஆள் டேசிக். பிப்ரவரியோடு துறையை மூடிவிடுவது என்று பல்கலைக்கழகம் முடிவெடுத்தபோது, எதிர்ப்பு இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். மாணவர் தரப்பில் யாரும் வரவில்லை. டேசிக்குக்கு அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் வகுப்புதான் அவனுடைய பிரச்சினை. எந்தத் துறையில் படித்தாலும் 'நிரலாக்க அடிப்படை'யில் தேறாமல் பட்டம் கிடையாது என்று நாலு வருஷத்துக்கு முன்னால் சட்டம் போட்டிருந்தார்கள். டேசிக் அதில் இரண்டு முறை தோற்றிருந்தான். வயது இருபத்தேழு. நடுவில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் போயே ஆக வேண்டிய பட்டாளத்துக்குப் போய்வந்தான், ஒரு வருஷம் வேலை தேடுவதற்கென்று விடுப்பு எடுத்தான், வேலை கிடைக்காததால் திரும்பிப் படிக்க வந்தான். இந்த முறை வேலை கிடைத்திருந்தது. ஊருக்கு வெளியே ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனி. நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்களுக்கு ஜெர்மன் தெரியுமா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"தெரியுங்க."

"பரவாயில்லை," என்றார் அவர், ஆறுதலாக.

மார்ச் இரண்டாம் தேதி பட்டச் சான்றிதழோடு வந்து சேர வேண்டும். சான்றிதழ் பிப்ரவரியில் வர வேண்டுமானால் இந்தக் கம்ப்யூட்டர் பாடத்தில் தேற வேண்டும். தோற்றால் அவனை 'ஸ்மார்ட் வாழ்வியல் கலப்புத் துறை'க்கு மாற்றிவிடுவார்கள், அங்கே இன்னும் ஏழு பாடம் படிக்க வேண்டும். அந்தத் துறையில் என்ன சொல்லித் தருவார்கள் என்று டேசிக் அலுவலகத்தில் விசாரித்தான். அவர்களும் அதைத்தான் விசாரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

பாடத்தின் கடைசி வேலை ஒன்றே ஒன்று. அளவு மாற்றும் நிரல். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு எண்ணையும் இரண்டு அளவுகளையும் தட்டினால், ஒன்றை இன்னொன்றாக மாற்றிச் சொல்ல வேண்டும். மைலைக் கிலோமீட்டராக, வீடு அளக்கும் பியோங்கைச் சதுர மீட்டராக, தங்கம் நிறுக்கும் டோனைக் கிராமாக, சந்தையில் சொல்லும் குன்னைக் கிராமாக. பாடம் எடுக்கும் பாங் சார் கொடுத்த தாளின் அடியில் ஒரு வரி இருந்தது: 'மக்கள் வழக்கில் உள்ள அளவுகளே சரியானவை எனக் கொள்ளப்படும்.' நிரலை இணையத்தில் ஏற்றிவிட வேண்டும், மீதியைத் திருத்தும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். இருபது கேள்வி, பன்னிரண்டு சரியாக வந்தால் தேர்ச்சி. எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற்றலாம், கடைசியாக ஏற்றியதுதான் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணியோடு வாசல் மூடும்.

காவுன் இல்லாவிட்டால் டேசிக் அந்தத் தாளைப் படித்ததோடு நிறுத்தியிருப்பான். அவள் சத்துணவுத் துறையில் இரண்டாம் வருஷம், இதே வகுப்பு. கல்லூரி வாசலில் உள்ள கடையில் பகலில் கல்லாவில் நிற்பாள். டேசிக் ஒரு வாரம் அந்தக் கடைக் கண்ணாடியோரம் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சும்மா உட்கார முடியாது என்பதால் அரை மணிக்கு ஒரு முக்கோணச் சோற்றுப் பொட்டலம் வாங்கித் தின்றான். நிரல் வளர வளர அவனும் வளர்ந்தான்.

வியாழக்கிழமை நிரல் ஓடியது. எழுதியது பெரும்பாலும் காவுன் சொல்லச் சொல்லத்தான். அவள் காபிக் குவளைகளை அடுக்கியபடியே எட்டிப் பார்த்து, "புள்ளி விட்டுட்டீங்க சீனியர்," என்பாள். அவன் புள்ளி வைப்பான். எதற்கு அந்தப் புள்ளி என்று கேட்க மாட்டான்.

"ஒரு குன்னுக்கு எத்தனை கிராம் போட?" என்று கேட்டான்.

"அறுநூறு. யாரக் கேட்டாலும் அதான் சொல்வாங்க."

போட்டான். ஏற்றினான். திரையில் 'பெறப்பட்டது' என்று பச்சையில் வந்தது.

"முடிஞ்சுதா?" என்றான், நம்ப முடியாமல்.

"முடிஞ்சுது. இனிமே அதைத் தொடாதீங்க சீனியர். ஓடுதுல்ல? ஓடட்டும். உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

"தொட எனக்கு என்ன தெரியும்?"

"அதனாலதான் சொல்றேன்," என்றாள் காவுன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் டேசிக் தொடவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக அவன் இருந்ததில்லை.

ஞாயிறு மதியம் அம்மாவின் கடையில் கூட்டம் குறைந்திருந்தது. ஆறுசாலைச் சந்தையின் உள்பக்கம், தொட்டுக்கறி விற்கும் சின்னக் கடை. முன்னால் இருபது எவர்சில்வர் தட்டு, பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் ஒரு கவிழ்த்த வாளி, அதன்மேல் டேசிக், அவன் மடியில் கணினி. வேகவைத்த கீரையை அம்மா இரண்டு கையாலும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்னடா அது, திரை கறுப்பா இருக்கு? ரிப்பேரா?"

"இல்லம்மா, இதான் பரீட்சை. அளவு மாத்துற புரோகிராம். எதையாவது கேளு, டக்குனு சொல்லும்."

"மூணு குன் கீரை எத்தனை கிராம்?"

டேசிக் தட்டினான். 1800 என்று வந்தது.

அம்மா பிழிவதை நிறுத்தினாள். "யாரு கடை இது?"

"கடை இல்லம்மா, கணக்கு."

"கீரைய ஒரு குன் அறுநூறுன்னு எவன் குடுக்கறான்? அவன் பேரச் சொல்லு. நாளைலேர்ந்து அவன்கிட்டயே வாங்கறேன். ஒரே வருஷத்துல மாடிவீடு கட்டிரலாம்."

"அறுநூறுன்னுதான் எல்லாரும்..."

"அது கறிக்குடா! மாட்டுக்கறி, பன்னிக்கறிக்கு அறுநூறு. கீரை, உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரிக்கெல்லாம் நானூறு. இது தெரியாமலா ஏழு வருஷம் படிச்சே?"

"நான் ஜெர்மன் படிச்சேன்மா."

"ஏன், ஜெர்மன்காரன் கீரை திங்க மாட்டானா?"

எதிர்க்கடைக்காரர் குக் கருவாட்டுப் பெட்டிகளுக்கு மேலாகத் தலையை நீட்டினார். அந்தச் சந்தையில் யார் பேசினாலும் அவரிடம் பேசியதாகவே எடுத்துக்கொள்வார். "தம்பி, மிளகாய்த் தூளையும் சேத்துக்க. அது அறுநூறு."

"அது செடியில காய்க்கறதுதானே பெரியப்பா? காய்கறிதானே?"

"காய்ச்சா என்ன? அறுநூறுதான்."

"ஏன்?"

"ஏன்னா அது அறுநூறு," என்றார் குக். அம்மாவும் தலையாட்டினாள். அந்த விஷயம் அத்தோடு முடிந்தது.

டேசிக் திரையைப் பார்த்தான். 1800 அங்கேயே நின்றது. நிரலில் மீதி எதைப் பற்றியும் அவனுக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. மைலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காவுன் சொன்னதுதான் சத்தியம். ஆனால் இந்த ஒரு வரி தப்பு என்று அவனுக்குத் தெரிந்தது. ஏழு வருஷக் கல்லூரிப் படிப்பில், ஒரு விஷயம் தப்பு என்று தானாக அவனுக்குத் தெரிந்தது அதுதான் முதல் தடவை. தாளை எடுத்துப் பார்த்தான். மக்கள் வழக்கில் உள்ள அளவுகளே சரியானவை. மக்கள் இரண்டு பேர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

காவுனைப் போனில் கூப்பிட்டான்.

"ஒரு சின்னத் திருத்தம்தான். ஒரு கேள்வி மட்டும் சேக்கறேன்."

"சீனியர்."

"கறிக்கு வேற, கீரைக்கு வேறயாம்."

"சீனியர், வேலை செய்யறத எதுக்கு நோண்டறீங்க? ... வாங்க சார், சூடு பண்ணணுமா? ... தொடாதீங்க சீனியர், சொல்லிட்டேன். வெக்கறேன்."

மணி நாலு. டேசிக் எழுத ஆரம்பித்தான். யாரும் சொல்லித் தரவில்லை. பழைய வரிகளைப் பார்த்து, அவற்றைப்போலவே புதிதாக எழுதினான். ஐந்து முறை சிவப்பில் திட்டியது. ஆறாவது முறை திட்டவில்லை. யாராவது குன் என்று தட்டினால், நிரல் ஒரு கணம் நின்று கேட்கும்: 'இறைச்சிங்களா, காய்கறிங்களா?' தட்டுகிற ஆள் எந்த வயதுக்காரரோ, சின்னவனிடம் மரியாதை காட்டினால் நஷ்டமில்லை, பெரியவரிடம் காட்டாவிட்டால் வம்பு. அதனால் கேள்வியை ஒரேயடியாகப் பணிவாக வைத்தான். பதில் புரியாவிட்டால், 'மன்னிக்கணும், புரியலீங்க,' என்று சொல்லிவிட்டு மறுபடி கேட்கும். மிளகாய்த் தூள் என்று தட்டினால் இறைச்சியில் சேர்த்துக்கொள்ளும். குக் அதை மூன்று முறை சோதித்துப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

அம்மா கையைத் துடைத்துவிட்டு வந்தாள். ஒற்றை விரலால் 3, குன், கிராம் என்று தட்டினாள். நிரல் கேட்டது. 'கீரை' என்றாள். 1200 என்று வந்தது.

"இப்ப சரி," என்றாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயா எழுதின?"

"நானே."

"மரியாதையாத்தான் கேக்குது."

ஐந்து நாற்பதுக்கு ஏற்றினான். பச்சையில் 'பெறப்பட்டது' என்று வந்தது. இந்தத் தடவை அந்தப் பச்சை தனக்காகவே வந்ததுபோல் அவனுக்கு இருந்தது.

புதன்கிழமை முடிவு வந்தது. இருபதுக்கு ஏழு.

முதலில் வேறு யாருடைய மதிப்பெண்ணோ என்று நினைத்துப் பெயரைப் பார்த்தான். பெயர் அவனுடையதுதான். கீழே, திருத்தும் இயந்திரம் கேட்ட இருபது கேள்விகளும், அவற்றுக்கு அவன் நிரல் சொன்ன பதில்களும் வரிசையாக இருந்தன. கடைக்குப் போய்க் காவுனிடம் காட்டினான். அவள் கல்லாவுக்குப் பின்னாலிருந்து வந்து, கண்ணாடியோரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள்.

ஏழு கேள்வி வரைக்கும் எல்லாம் சரி. எட்டாவது, மூன்று குன் எத்தனை கிராம். நிரல் கேட்டிருந்தது: இறைச்சிங்களா, காய்கறிங்களா?

இயந்திரம் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. அதன் பாட்டுக்கு ஒன்பதாவது கேள்வியைத் தள்ளியது: பன்னிரண்டு பியோங் எத்தனை சதுர மீட்டர். நிரல் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு பியோங் இறைச்சியுமில்லை, காய்கறியுமில்லை. மன்னிக்கணும், புரியலீங்க. இறைச்சிங்களா, காய்கறிங்களா? இயந்திரம் ஐந்து மைல் என்றது. மன்னிக்கணும், புரியலீங்க. இரண்டு டோன் தங்கம் என்றது. மன்னிக்கணும். இப்படியே மிச்சமிருந்த பன்னிரண்டு கேள்விகளையும் ஒவ்வொன்றாக விழுங்கி, ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டு, பதின்மூன்றாவது தடவை இறைச்சியா என்று கேட்டபோது எதிரே யாருமில்லை. நிரல் அங்கேயே விழுந்து செத்தது.

காவுன் வரிசையை முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

"திட்டேன்," என்றான் டேசிக்.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு யோசிக்கறேன்."

"வியாழக்கிழமை ஏத்தினத அப்படியே விட்டிருந்தா?"

"அதே அறுநூறுதான் நானும் போட்டேன். இருபதுக்கு இருபது." அவள் எழுந்து போய், நாள் கடந்ததென்று ஒதுக்கி வைத்த முக்கோணப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "காசு வேண்டாம். தின்னுங்க."

பாங் சாருக்கு அறை கிடையாது. வாரத்தில் மூன்று கல்லூரிகளில் மணிக் கணக்குக்குப் பாடம் எடுப்பவர். மாணவர்கள் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் கார் நிறுத்துமிடத்துக்குப் போக வேண்டும். சாம்பல் நிறக் கார், பின்சீட்டில் விடைத்தாள், போர்வை, ஒரு ஜோடி நல்ல செருப்பு. டேசிக் கண்ணாடியைத் தட்டியபோது அவர் அலுமினியத் தாளைப் பிரித்துச் சோற்றுச் சுருள் தின்றுகொண்டிருந்தார். முன் கதவைத் திறந்துவிட்டார். ஒரு துண்டை அவனிடம் நீட்டினார்.

"நீ வருவேன்னு தெரியும்," என்றார். "படிச்சேன். பதிமூணு தடவை கேட்டிருக்கு. அதுவும் என்னா மரியாதையா! இந்தக் காலேஜுக்கு வந்து ஒன்பது வருஷமாச்சு, என்னை யாரும் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்ல."

"சார், கீரைக்கு நானூறுதான்."

"தெரியும். வீட்டுல கேட்டேன். நானூறாம்."

"தாள்ல மக்கள் வழக்குன்னு போட்டிருந்தீங்க."

"போட்டேன். என்ன பண்றது, நான் கறிக்கடைக்கு மட்டுந்தான் போவேன். கீரை வாங்கறது அவ."

"அப்போ நான் எழுதினது சரிதானே சார்?"

"சரிதான். இந்த வகுப்புலயே உன்னோடதுதான் சரி. மத்த முப்பத்தெட்டு பேரும் கீரைய அறுநூறுன்னு எழுதியிருக்காங்க." பாங் சார் மென்று விழுங்கினார். "முப்பத்தெட்டு பேரும் பாஸ்."

டேசிக் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். நடுவில் மஞ்சள் முள்ளங்கி இருந்தது. அதையும் நானூறுக்குத்தான் நிறுப்பார்கள்.

"சார், எனக்கு மார்ச்சுல வேலை. இதுல தேறலேன்னா போயிடும். அஞ்சு நிமிஷம் குடுங்க, அந்தக் கேள்விய எடுத்துட்டு மறுபடி ஏத்திடறேன்."

"வாசல் ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கே மூடிடுச்சு. என்னால திறக்க முடியாது, அது கணினி மையத்துக்காரங்க கையில. உனக்காக நேத்து போன் பண்ணிக் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அடுத்த செமஸ்டர்ல நீங்க இருப்பீங்களான்னு கேட்டாங்க."

"இருப்பீங்களா சார்?"

"அதைத்தான் நானும் அவங்ககிட்ட கேட்டேன்," என்றார் பாங் சார். "இன்னும் பதில் வரல."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முன்கண்ணாடி வழியாக ஜெர்மன் துறைக் கட்டடத்தைப் பார்த்தார்கள். பெயர்ப் பலகையை அதற்குள்ளேயே கழற்றியிருந்தார்கள். சுவரில் நாலு ஆணி மட்டும் இருந்தது.

டேசிக் மறுநாள் தீவனக் கம்பெனிக்குப் போன் செய்தான். பட்டம் பிப்ரவரியில் வராது, ஆகஸ்டில் வாங்கிக்கொண்டு வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டான். ஆகஸ்டிலும் வராது என்பது அவனுக்குத் தெரியும். பேச்சை ஆரம்பிக்க ஏதாவது ஒரு மாதம் வேண்டியிருந்தது.

"அந்த இடத்துக்கு அடுத்த ஆள் காத்திருக்காருங்க," என்றாள் எதிர்முனையில் இருந்த பெண்.

"அவருக்கு ஜெர்மன் தெரியுங்களா?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. "தெரியாதுங்க."

"பரவாயில்லை," என்றான் டேசிக்.

திங்கட்கிழமை, கடையின் பின்புறம் கவிழ்த்த வாளியில் அவன் உட்கார்ந்திருந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. தாங்கள் ஸ்மார்ட் வாழ்வியல் கலப்புத் துறைக்கு மாற்றப்படுகிறீர்கள். தாங்கள் படிக்க வேண்டிய ஏழு பாடங்கள் வருமாறு. முதலாவது நிரலாக்க அடிப்படை, இரண்டாவது நிரலாக்க அடிப்படை இரண்டு. இதற்குத் தங்கள் சம்மதத்தைத் தெரிவிக்கவும். மூன்று நாளுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் எனக் கொள்ளப்படும்.

டேசிக் கடைசி வரியை மறுபடி படித்தான். பிறகு இன்னொரு முறை படித்தான். போனை வாளியின் ஓரத்தில் வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தான்.

அவ்வளவுதான் விஷயம். கேட்பதில் தப்பே இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் பணிவாகக் கேட்கலாம். பதிலுக்குக் காத்திருந்ததுதான் தப்பு. புரியலீங்க என்ற வரியை அழித்தான். அந்த இடத்தில் எழுதினான்: புரியாத பதில் வந்தால் இறைச்சி எனக் கொள்ளப்படும். முதல் தடவையிலேயே ஓடியது, சிவப்பு வரவில்லை. இயந்திரம் கேட்ட இருபது கேள்விகளையும் முடிவுத் தாளிலிருந்து எடுத்து, அதே வரிசையில் உள்ளே தள்ளினான். குன் வந்த இரண்டு இடத்திலும் நிரல் கேட்டது, அடுத்த கேள்வியை விழுங்கியது, இறைச்சி என்று முடிவு செய்தது, மேலே போனது. விழுங்கிய இரண்டு போக மீதி எல்லாம் சரி. இருபதுக்குப் பதினெட்டு. பன்னிரண்டு போதும்.

"என்னடா, சரியாயிடுச்சா?" என்றாள் அம்மா, திரும்பாமலேயே.

"ஆயிடுச்சும்மா."

"அப்ப கொண்டுபோய்க் காட்டு."

அவன் எழுந்திருக்கவில்லை. அம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு எதிரே கருவாட்டுக் கடையைப் பார்த்தாள். குக் சட்டென்று பெட்டிகளுக்குள் தலையை இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு குன் கீரை வாங்கிட்டு வா," என்றாள் அம்மா, கொஞ்சம் கழித்து. "எண்ணூறு கிராம் இருக்கணும், பாத்து வாங்கு."

போய் வாங்கினான். எண்ணூறு கிராம் சரியாக இருந்தது.

பல்கலைக்கழகத்துக்கு அவன் பதில் எழுதவில்லை. செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. வியாழக்கிழமை, சம்மதம் எனக் கொள்ளப்பட்டது.